நைட்ரைட் பாசிட்டிவ்: தடித்த எழுத்தில் வந்த ஒரு வரியும் தடிக்காமல் போன ஒரு வரியும்

முதலிலேயே ஒன்று. இதில் வரும் அம்மா ஒரே ஆள் இல்லை. இதே கதையோடு என் கிளினிக்குக்கு வந்த சிலரைச் சேர்த்து, வயது, ஊர், எண்களை மாற்றி ஒரே ஆளாக எழுதியிருக்கிறேன். கடைசியில் வரும் பெண்ணும் அப்படித்தான். மருத்துவ விவரத்தில் கை வைக்கவில்லை.

வயது 68, எடை 52 கிலோ, தென்மாவட்டத்தில் ஒரு சின்ன டவுன், பல வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் காலை இரவு இரண்டு வேளை, கிளிமிபிரைடு 2 மி.கி. காலை டிபனுக்கு முன்னால். மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.1, இந்த வயதுக்கு அது நல்ல எண்தான். சென்னையில் வேலை பார்க்கும் மகன், அம்மா அப்பா இரண்டு பேருக்கும் ஆன்லைனில் ஒரு முழு உடல் செக்கப் பேக்கேஜ் போட்டிருந்தார். வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு, காலையில் எழுந்ததும் பிடித்து வைத்த சிறுநீர் டப்பாவையும் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் மகனின் வாட்ஸ்அப்புக்குப் பல பக்க ரிப்போர்ட் வந்தது. சிறுநீர்ப் பக்கத்தில் இருந்தது இது:

நிறம் வெளிர் மஞ்சள், பி.எச் 6.0, ஒப்படர்த்தி 1.015, ஆல்புமின் இல்லை, சர்க்கரை இல்லை, லியூகோசைட் எஸ்டரேஸ் டிரேஸ், பஸ் செல் 6–8, எபிதீலியல் செல் 8–10, பாக்டீரியா உண்டு, நைட்ரைட் பாசிட்டிவ்.

கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் சிவப்பு அடையாளத்தோடு. சிவப்பைப் பார்த்தால் யாருக்கும் பதறும். மகன் கூகுளில் தேடியிருக்கிறார், 'சிறுநீர்ப் பாதைத் தொற்று' என்று வந்திருக்கிறது, உடனே ஊரில் பழகிய மெடிக்கல் கடைக்காரருக்கு அந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டார். கடையிலிருந்து லெவோஃப்ளாக்சசின் 500 என்ற ஆன்டிபயாடிக், தினம் ஒன்று, ஐந்து நாளைக்கு வந்தது. லெவோஃப்ளாக்சசின் 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஷெட்யூல் எச்-1 பட்டியலில் இருக்கும் மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

மாத்திரை போட்ட முதல் நாளிலிருந்தே அம்மாவுக்குக் குமட்டல், சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் சர்க்கரை மாத்திரையை விடவில்லை, ஒழுங்கான மனுஷி. மூன்றாம் நாள் விடியற்காலை வீட்டுக்காரர் எழுந்து பார்த்தால் சேலையெல்லாம் நனைந்து வேர்த்துக் கிடக்கிறார், கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் பேசுகிறார். நல்லவேளை, வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தது. 46 காட்டியது, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய், டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் ஏற்றி, மறுநாள் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். வைத்திருந்தது சரியான முடிவு. கிளிமிபிரைடால் இறங்கிய சர்க்கரை, ஏற்றிய பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப இறங்கும்.

அதற்கு அடுத்த நாள் ஃபைலோடு என்னிடம் வந்தார்கள். மகன் போனில் கேட்ட முதல் கேள்வி: "டாக்டர், இன்பெக்‌ஷன் தலைக்கு ஏறிடுச்சா?"

நான் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன். போகும்போது எரிச்சல், நீர்க்கடுப்பு? இல்லை. அடிக்கடி போகிறதா, அடக்க முடியாமல் ஓடுகிறீர்களா? இல்லை. அடிவயிற்றில் வலி, விலாவில் வலி, குளிர் ஜுரம், சிறுநீரில் ரத்தம்? எதுவும் இல்லை. ராத்திரி ஒரு தடவை எழுந்திருப்பாராம், அது வருஷக்கணக்காகவே உண்டாம். "எனக்கு ஒண்ணும் செய்யல தம்பி, அந்தப் பேப்பருக்குத்தான் நோவு" என்றார். அவர் சொன்னதை ஃபைலில் அப்படியே எழுதி வைத்தேன், ஏனென்றால் மொத்தக் கேஸும் அந்த ஒரு வரிதான்.

சரி, லேபில் சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் சோதனைப் பட்டை நைட்ரைட் என்று எதைப் பார்க்கிறது? நாம் சாப்பிடும் கீரை, பீட்ரூட், முள்ளங்கியிலிருந்து வரும் நைட்ரேட் எல்லோருடைய சிறுநீரிலும் இருக்கிறது. நைட்ரைட் அப்படி இருக்காது. சில பாக்டீரியாக்களிடம் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும் என்சைம் உண்டு. ஈ.கோலை, கிளெப்சியெல்லா, புரோட்டியஸ் போன்ற குடல்வாழ் கிருமிகள் இந்த வகை. பாலில் உறை ஊற்றுவது மாதிரிதான் கணக்கு: பால் வேண்டும், உறைமோர் வேண்டும், நேரமும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் தயிர் இல்லை. சிறுநீர்ப்பையில் குறைந்தது நான்கு மணி நேரமாவது தங்கினால்தான் பட்டையில் தெரியும் அளவுக்கு நைட்ரைட் சேரும், அதனால்தான் காலையில் முதலில் போகும் சிறுநீரைக் கேட்கிறார்கள். நிறைய பேர் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன், கீரை அதிகம் சாப்பிட்டால் நைட்ரைட் பாசிட்டிவ் ஆகாது. நைட்ரேட் எவ்வளவு இருந்தாலும் அதை மாற்ற அங்கே பாக்டீரியா இருந்தாக வேண்டும்.

நைட்ரைட் இருந்தால் பட்டையில் உள்ள வேதிப்பொருளோடு சேர்ந்து இளஞ்சிவப்புச் சாயம் உருவாகிறது. இந்த வினையை 1879-இல் சொன்னவர் யோஹான் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர். இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரில் ஒரு பீர் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சாய வேதியியலுக்கு அடித்தளம் போட்ட மனிதர். பீர்க் கம்பெனி வேதியியலாளர் கண்டுபிடித்ததை வைத்து இன்று நாம் பாட்டிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், வேடிக்கைதான்.

பட்டையை நனைத்து 60 வினாடியில் நைட்ரைட்டைப் படிக்க வேண்டும், வெள்ளையணு கட்டத்துக்கு (ரிப்போர்ட்டில் லியூகோசைட் எஸ்டரேஸ்) 2 நிமிடம். கட்டம் முழுக்க ஒரே சீராக இளஞ்சிவப்பு வந்தால்தான் பாசிட்டிவ். ஓரத்தில் மட்டும் சிவந்தாலோ புள்ளி புள்ளியாக வந்தாலோ கணக்கில் இல்லை. நிறம் அடர்த்தியாக இருப்பதற்கும் கிருமி அதிகமாக இருப்பதற்கும் சம்பந்தமும் இல்லை. பட்டைகள் இருக்கும் டப்பாவின் மூடியைத் திறந்தே போட்டால் பட்டை காற்றுப் பட்டுக் கெட்டு, சுத்தமான சிறுநீருக்கும் பாசிட்டிவ் காட்டும். பரபரப்பான லேபில் அந்த மூடி எத்தனை தடவை மூடப்படுகிறது என்பதை, லேபுக்குள் ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கேஸில் எனக்கு முதல் சந்தேகம் பட்டை மேல் இல்லை, பயணத்தின் மேல். அம்மா சிறுநீர் பிடித்தது ஆறு மணிக்கு. ஆள் வந்து வாங்கியது எட்டு மணி சுமாருக்கு. அப்புறம் அவர் இன்னும் சில வீடு ஏறி இறங்கி, அந்த மாதிரிகள் பக்கத்து நகரத்து லேபுக்குப் போய்ச் சேர்ந்து, ரிப்போர்ட்டில் 'மாதிரி பெறப்பட்ட நேரம்' என்று அச்சானது மதியம் 12:40. மாசமோ மே. சிறுநீரை இரண்டு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் குளிரில் வைக்க வேண்டும். வெதுவெதுப்பில் ஈ.கோலை அரை மணிக்குள் இரட்டிப்பாகிவிடும். கத்தரி வெயிலில் வீட்டிலும் பைக் பெட்டியிலுமாக ஆறு மணி நேரம் இருந்தால், தோலிலிருந்து டப்பாவில் விழுந்த நாலு கிருமிகூடப் பெருகி அந்த டப்பாவுக்குள்ளேயே நைட்ரைட் தயாரித்துவிடும். எபிதீலியல் செல் 8–10 என்று இருப்பதும் அதையே சொல்கிறது, மாதிரி நடுவில் பிடித்ததில்லை, வெளித்தோல் கலந்திருக்கிறது. பஸ் செல் (சீழ் அணு) 6–8 எங்கிருந்து வந்தது என்றும் அப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. தடித்த எழுத்தில் போடத் தெரிந்த கம்ப்யூட்டருக்கு, ஆறுக்கும் 12:40-க்கும் நடுவில் உள்ள தூரத்தைத் தடித்துப் போடத் தெரியவில்லை.

ஆனால் இங்கேதான் கேஸ் கொஞ்சம் திரும்புகிறது. ஆன்டிபயாடிக்கை நிறுத்தி இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னேன். கிளினிக்கிலேயே, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடித்த சிறுநீர், சில நிமிடத்தில் பட்டை வைத்தோம். சீரான இளஞ்சிவப்பு. பாசிட்டிவ்தான். கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பினோம், ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஈ.கோலை வளர்ந்தது. லெவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் இரண்டுக்கும் கேட்காத ரகம். நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் என்ற வேறு இரண்டு ஆன்டிபயாடிக்குகளுக்குக் கேட்கும்.

அதாவது முதல் மாதிரி கெட்டுப்போனதாக இருந்தாலும், சிறுநீர்ப்பையில் பாக்டீரியா இருந்தது உண்மை. கடைக்காரர் கொடுத்த மாத்திரை அதை அசைக்கவும் இல்லை. ரிசல்ட்டைப் பார்த்ததும் மகனுக்கு ஒரு நிம்மதி, "அப்போ இன்பெக்‌ஷன் இருக்குதானே சார், சரியான மாத்திரை எழுதிக் கொடுங்க" என்றார்.

நான் எழுதவில்லை.

இதைப் புரியவைக்கத்தான் ரொம்ப நேரம் ஆனது. கிருமி இருப்பது வேறு, தொற்று நோய் இருப்பது வேறு. எந்தத் தொந்தரவும் இல்லாமல் சிறுநீரில் பாக்டீரியா குடியிருப்பது வயதான பெண்களிடம் சர்வ சாதாரணம். வீட்டில் நடமாட்டமாக இருக்கும் எழுபது தாண்டிய பெண்களில் பத்துப் பேரில் ஒருவருக்கோ அதற்கு மேலோ இருக்கும், முதியோர் இல்லங்களில் கால் பங்கிலிருந்து பாதி வரை போகும், நாள்பட்ட சிறுநீர் டியூப் போட்டவர்களிடம் கிட்டத்தட்ட எல்லோருக்கும். சர்க்கரை உள்ள பெண்களிடம் இல்லாதவர்களைவிட அதிகம். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது: தொந்தரவு இல்லாத பாக்டீரியாவைத் தேடவும் வேண்டாம், வைத்தியம் பார்க்கவும் வேண்டாம், சர்க்கரை நோயாளிக்கும் அதேதான். முக்கியமான விலக்கு இரண்டு, கர்ப்பிணிகள், அப்புறம் சிறுநீர்ப் பாதையின் உள்சவ்வில் காயம் படும் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள்.

'சர்க்கரைக்காரங்களுக்குக் கொடுத்துவிடுவது பாதுகாப்பு' என்று சில டாக்டர்களே நினைக்கிறார்கள். அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கனடாவின் மானிடோபாவில், சர்க்கரையும் தொந்தரவில்லாத பாக்டீரியாவும் உள்ள 105 பெண்களைப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஆன்டிபயாடிக், மறு பகுதிக்கு வெற்று மாத்திரை கொடுத்துத் தொடர்ந்து கவனித்தார்கள். 2002-இல் வெளிவந்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்கு நோய் வருவது குறையவும் இல்லை, தள்ளிப் போகவும் இல்லை. ஆன்டிபயாடிக் சாப்பிட்ட நாட்கள் மட்டும் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. 2012-இல் இத்தாலியிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு இன்னும் ஒரு படி மேலே, அடிக்கடி தொற்று வரும் இளம்பெண்களில், தொந்தரவு இல்லாத நேரத்தில் மருந்து கொடுத்துக் கிருமியைத் துரத்தியவர்களுக்குத்தான் பின்னால் தொற்று அதிகமாக வந்தது. குடியிருந்த சாதுக் கிருமியைக் காலி பண்ணினால் அந்த இடம் காலியாகவே இருக்காது.

மகனின் 'தலைக்கு ஏறிடுச்சா' கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இது தினமும் நடக்கிறது. வயதானவர் குழம்பிப் பேசினால் உடனே சிறுநீர் டெஸ்ட், அதில் நைட்ரைட் பாசிட்டிவ், 'யூரின் இன்பெக்‌ஷனால குழப்பம்' என்று முடிவு, ஆன்டிபயாடிக். முன்பே சும்மா இருந்த பாக்டீரியாவின் மேல் பழி விழுந்துவிடும், சோடியம் குறைந்ததோ, சர்க்கரை இறங்கியதோ, புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரையோ தப்பித்துவிடும். ஜுரமோ சிறுநீர்த் தொந்தரவோ இல்லாவிட்டால் முதலில் மற்ற காரணங்களைத் தேடு, கூட இருந்து கவனி என்பதுதான் அதே 2019 வழிகாட்டியின் பேச்சு. பிரிட்டனில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்று இருக்கிறதா என்று பார்க்கப் பட்டையே வைக்காதீர்கள் என்று வழிகாட்டி போட்டிருக்கிறார்கள். நம் பேக்கேஜ்களில் அந்த வரியே வராமல் இருந்தால் பாதித் தொல்லை ஒழியும் என்பது என் கட்சி.

இந்த அம்மாவின் குழப்பத்துக்குக் காரணம் 46. அந்த 46-க்குக் காரணம் ரிப்போர்ட்டின் வேறொரு பக்கத்தில், தடிக்காத சாதாரண எழுத்தில் இருந்தது: ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) 1.2. லேபின் மேல் எல்லை 1.3, அதனால் சிவப்பும் இல்லை ஒன்றுமில்லை. ஆனால் 68 வயது, 52 கிலோ, பெண் என்று கணக்குப் போட்டால் கிரியாட்டினின் வெளியேறும் வேகம் நிமிடத்துக்கு 37 மில்லிக்குப் பக்கம்தான் வருகிறது. லெவோஃப்ளாக்சசின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் மருந்து, 50-க்குக் கீழே போனால் டோஸைக் குறைக்க வேண்டும். கிளிமிபிரைடின் மிச்சசொச்சமும் சிறுநீரகம் மந்தமானால் தேங்கும். போதாததற்கு, லெவோஃப்ளாக்சசின் சேர்ந்த ஃப்ளோரோகுயினோலோன் குடும்பமே கணையத்தில் இன்சுலினை அவிழ்த்துவிடும் அதே பொட்டாசியம் வாசலை அடைக்கக்கூடியது, கிளிமிபிரைடு செய்யும் வேலையும் அதுதான். இந்தக் குடும்பத்துக் காட்டிஃப்ளாக்சசின் சர்க்கரையைத் தாறுமாறாக்கியதால்தான் இந்தியாவில் 2011-இல் மாத்திரை, ஊசி வடிவில் தடை செய்யப்பட்டது. மற்றவற்றுக்கும் சர்க்கரை இறங்கும் எச்சரிக்கையை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018-இல் கடுமையாக்கியது, குறிப்பாக வயதானவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கவனம் என்று. ஆக முழு டோஸ், மந்தமான சிறுநீரகம், கிளிமிபிரைடு, குமட்டலில் சாப்பிடாத வயிறு, நாலும் ஒரே விடியற்காலையில் சேர்ந்தன. தேவையே இல்லாத மருந்துக்காக.

என்ன செய்தோம்: கிளிமிபிரைடை நிறுத்தினோம், 7.1-ல் இருக்கிறவருக்கு அதன் அவசியமே எனக்குச் சந்தேகம்தான். சிறுநீரகக் கணக்குப் பார்த்து மெட்ஃபார்மினைக் குறைத்தோம். மூன்று மாதம் கழித்துச் சராசரி 7.4, போதும். எரிச்சல், குளிர் ஜுரம், விலாவலி, வாந்தி, ரத்தம் இதில் எது வந்தாலும் அன்றே வரவேண்டும், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டச் சொன்னேன். அடுத்த வருட பேக்கேஜிலும் நைட்ரைட் பாசிட்டிவ், அதே சிவப்பு. மகன் போன் பண்ணினார், கடைக்கு அனுப்பவில்லை.

இந்த அம்மாவே இருபத்தாறு வயதுக் கர்ப்பிணியாக இருந்திருந்தால் நான் செய்திருப்பது நேர் எதிர். கர்ப்பத்தில் தொந்தரவு இல்லாவிட்டாலும் கல்ச்சரில் கிருமி உறுதியானால் மருந்து உண்டு, ஏழு நாள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2016 பரிந்துரை. விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறிக் குளிர் ஜுரத்தோடு ஆஸ்பத்திரியில் படுக்கும் அபாயம் கூடுகிறது. அப்படியிருந்தும் பட்டையை மட்டும் நம்பக் கூடாது, நெகட்டிவ் என்று வந்தாலும் கல்ச்சர் பார்க்க வேண்டும்.

நெகட்டிவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பாசிட்டிவ் என்றால் கிருமி இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம், நல்ல மாதிரியாக இருந்தால். ஆனால் நெகட்டிவ் என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, கிருமி உள்ளவர்களில் சுமார் பாதிப் பேரை இந்தக் கட்டம் கோட்டை விட்டுவிடும். அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தாள், வயது 22. அரை மணிக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கிறது, போனால் சொட்டுச் சொட்டாக, உயிர் போகிற எரிச்சல். ஜுரம் இல்லை, கர்ப்பம் இல்லை, வெள்ளைப்படுதல் இல்லை. கையில் ஒரு லேப் ரிப்போர்ட், நைட்ரைட் நெகட்டிவ் என்பதால் 'இன்பெக்‌ஷன் இல்ல, சூடுதான், இளநீர் குடி' என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

அரை மணிக்கு ஒருமுறை போகிறவளுக்கு நான்கு மணி நேரம் எங்கே தங்கும்? கொரோனா காலத்துப் பழக்கமாக விட்டமின் சி சப்பும் மாத்திரை வேறு தினமும், அதுவும் நைட்ரைட் நிறத்தை அழுத்திவிடும். அதே ரிப்போர்ட்டில் வெள்ளையணு கட்டம் மூன்று பிளஸ், அதை யாரும் பார்க்கவில்லை. இவளுக்குத் தொந்தரவே தீர்ப்பு. கல்ச்சருக்கு எடுத்துக்கொண்டு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் நைட்ரோஃபுரான்டாயின் ஐந்து நாளைக்கு ஆரம்பித்தேன். வளர்ந்தது ஸ்டாஃபிலோகாக்கஸ் சாப்ரோஃபைட்டிகஸ், இளம்பெண்களிடம் நீர்க்கடுப்பு உண்டாக்கும் கிருமி, நைட்ரேட்டை மாற்றும் வழக்கம் பெரும்பாலும் இதற்கு இல்லை. எட்டு மணி நேரம் காத்திருந்து பார்த்திருந்தாலும் கட்டம் வெள்ளையாகவே இருந்திருக்கும். என்டரோகாக்கஸும் காண்டிடாவும் இதே மாதிரிதான், பட்டையில் சத்தம் போடாது. இரண்டாம் நாளே எரிச்சல் பாதி விட்டது.

அவளுக்கு இது முதல் தடவை இல்லை, வருடத்தில் மூன்று நாலு தடவை வருகிறதாம். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாய் என்று கேட்டேன். கடையில் இருக்கும்போது கிட்டத்தட்ட இல்லை, குடித்தால் போக வேண்டும், போக வேண்டுமானால் ஃப்ளோர் சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தமே வந்தது, நாற்காலி வந்துவிட்டதாம், மாடிப்படி அப்படியேதான் இருக்கிறது. தண்ணீர் குறைவாகக் குடித்து அடிக்கடி தொற்று வரும் பெண்கள் தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தால் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று 2018-இல் ஒரு நல்ல ஆய்வு வந்திருக்கிறது. மாத்திரைச் சீட்டோடு, 'இவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்கு அனுப்பவும்' என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் அதை வாங்கி வைத்துக்கொண்டாராம். அனுப்புகிறாரா என்பது அவள் அடுத்த முறை வரும்போதோ, வராமல் இருக்கும்போதோதான் தெரியும்.